ஒன்பது பென்ஸ்

இரண்டாமாண்டு மாணவிகளுக்குப் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். பிஜித் தீவின் கரும்புக்காடுகளுக்குப் போன பெண்களைப் பற்றிய பாட்டு. வாசித்து முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். இந்த முறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், “அவங்களுக்கு என்ன கூலி மேடம்?” என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அழ வேண்டிய இடத்தில் கணக்குக் கேட்கிறாளே என்ற சிரிப்பு. அவளுடைய அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்த பெண் அவள். என்னிடம் பதில் இல்லை. 15 ஆண்டுகளாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். ஒருமுறைகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

தேடியபோது பதில் எளிதாகவே கிடைத்தது. கப்பலேறும் முன் டிப்போவில் கைநாட்டு வாங்கிய ஒப்பந்தத் தாளிலேயே அது இருக்கிறது. ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் வடநாட்டு மக்களின் வாயில் ‘கிர்மித்’ ஆனது. அதில் போனவர்கள் ‘கிர்மித்தியர்’ ஆனார்கள். 5 ஆண்டு வேலை. திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு 9 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம். வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ஷில்லிங், அன்றைய கணக்கில் 12 அணா. பெண்ணுக்கு 9 பென்ஸ், அதாவது 9 அணா. வேலையை அளந்து கொடுக்கும் ‘டாஸ்க்’ முறையிலும் இதே கணக்குத்தான். ஒரு ஆண் 6 மணி நேரம் விடாமல் செய்யக்கூடியது ஆணின் டாஸ்க். அதில் முக்கால் பங்கு பெண்ணின் டாஸ்க். ஆண் முழுசு, பெண் முக்கால். அளந்து கொடுத்ததை முடிக்காவிட்டால் கூலி போவது மட்டுமில்லை, அது நீதிமன்றத்தில் தண்டிக்கப்படும் குற்றமும்கூட.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். “எங்க ஊர்ல முக்கால்கூட இல்ல மேடம்” என்றாள் அவள். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

கூலி என்பது நம் மொழியில் ஊதியத்தின் பெயர். கப்பலேறியதும் அது ஆளின் பெயராகிவிட்டது. செய்த வேலைக்குத் தர வேண்டிய காசைக் குறித்த சொல்லை ஒரு மனுஷியின் மேல் ஒட்டிவிட்டு, அந்தக் காசை மட்டும் முக்காலாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் படித்தவளாக எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. நான் வேதம் வாசிக்கிற வீட்டில் வளர்ந்தவள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டி ஒரு அதிகாரம் வாசிப்பார். வம்ச அட்டவணையானாலும் சரி, பலிச் சட்டமானாலும் சரி, ஒன்றையும் தாண்ட மாட்டார். அப்படிக் கேட்டதுதான் உபாகமம் 24-ஆம் அதிகாரம். கூலிக்கு உழைக்கும் ஏழை சொந்த இனத்தானாக இருந்தாலும் வெளியிலிருந்து வந்து தங்கியவனாக இருந்தாலும் அவனை வஞ்சிக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். உள்ளூர்க்காரன், அந்நியன் இருவரையும் ஒரே மூச்சில் சொல்கிற சட்டம். நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள்தானே என்ற காரணமும் அதே அதிகாரத்தில் வருகிறது. பிஜியைப் பிடித்த அரசு கிறிஸ்தவ அரசு. கூலிகளுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனது கிறிஸ்தவ மிஷன். கூலி முறையை ஒழிக்கப் போராடியவர்களில் முக்கியமான சிலரும் கிறிஸ்தவர்களே. எல்லோர் கையிலும் இருந்தது இதே புத்தகம். அந்த ஒரே மூச்சு எங்கே அறுந்தது என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தகத்துக்குள்ளேயே அது அறுந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் வறுமையால் விற்கப்பட்ட இஸ்ரவேலனை யூபிலி ஆண்டில் விடுவிக்கச் சொல்கிறது. அந்நியரிலிருந்து வாங்கிய அடிமைகளையோ பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, கடவுளுக்கு நேர்ந்துகொண்ட ஆட்களுக்கான விலைப்பட்டியல் ஒன்று வருகிறது: 20 முதல் 60 வயதுவரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. பிஜி ஒப்பந்தத்தின் முக்காலோடு ஒப்பிட்டால் இது இன்னும் குறைவு. ஆகார் இருக்கிறாள். எகிப்திலிருந்து வந்த அடிமைப் பெண். எஜமானியே தன் கணவனிடம் கொடுத்து, கர்ப்பமானதும் கொடுமைப்படுத்தி, கடைசியில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு விரட்டப்பட்டவள். ரூத்தும் இருக்கிறாள். அவளிடம் பிறகு வருகிறேன்.

*

பிஜியில் மெதடிஸ்ட் மிஷனரிகள் 1835-இல் வந்திறங்கினார்கள். 1854-இல் பெரிய தலைவரான தாக்கொம்பாவ் மதம் மாறினார். அவர் பின்னால் மக்களும். 1874-இல் தீவுகள் பிரிட்டிஷ் அரசியின் கீழ் வந்தன. அடுத்த ஆண்டே தட்டம்மை வந்தது. அதுவரை அந்த நோயையே அறியாத மண்ணில் நாலில் ஒரு பங்கு மக்கள் செத்துப்போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் சாவுகளுக்கு நடுவில்தான் ஆளுநர் ஆர்தர் கார்டன் வந்து சேர்ந்தார்.

கார்டன் கெட்டவரில்லை. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் சிக்கலே அவர் நல்லவர் என்பதுதான். மற்ற குடியேற்ற நாடுகளில் பழங்குடிகள் நிலமிழந்து அழிந்ததை அவர் அறிந்திருந்தார். பிஜி மக்களின் நிலத்தை விற்கக் கூடாது. கிராமமும் தலைவர்களும் இருந்தபடி இருக்கட்டும். வரியைப் பணமாகக் கேட்காமல் விளைபொருளாகக் கேட்போம். தோட்டக்காரர்கள் அவர்களை இஷ்டத்துக்குக் கூலிகளாக்கக் கூடாது என்றார். உள்ளூர் மக்களுக்குச் செய்த நியாயம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். இன்றைக்கும் பிஜியின் பெரும்பகுதி நிலம் அதன் ஆதிமக்களிடம் இருப்பதற்கு அவருடைய ஏற்பாடு ஒரு காரணம்.

ஆனால் புதிய அரசை நடத்தப் பணம் வேண்டும். பணத்துக்குத் தோட்டம் வேண்டும். தோட்டத்துக்கு ஆள்? கார்டன் இதற்கு முன்பு டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் ஆளுநராக இருந்தவர். இரண்டு இடத்திலும் இந்தியக் கூலிகள் கரும்பு வெட்டுவதைப் பார்த்தவர். 1879 மே மாதம் ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது. 1916 வரை மொத்தம் 60,965 பேர். 1903-இலிருந்து சென்னையிலிருந்தும் ஏற்றினார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசியவர்கள்.

உள்ளூர்க்காரருக்குச் செய்த நியாயத்தின் விலையை வெளியாள் கட்டினான். இப்படி எழுதியதும் ‘கட்டினான்’ என்ற விகுதி இடிக்கிறது. அவளும் கட்டினாள். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 40-ஐ நிரப்பாமல் கப்பல் புறப்படாது என்பதால் பெண் ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்தால் ஆள்காட்டிக்குக் கமிஷன் அதிகம். குடும்பத்தோடு வாழ உதவட்டும் என்று நல்லெண்ணத்தில் போட்டதாகச் சொல்லப்பட்ட இந்த விதி, ‘லைன்’ எனப்பட்ட அந்தக் கூலி வரிசைகளில் என்ன செய்தது என்பதைத்தான் பின்னால் வந்த எல்லா அறிக்கைகளும் பேசின. 10 அடிக்கு 7 அடி அறை. மூன்று ஆண்களுக்கு ஒன்று, அல்லது ஒரு குடும்பத்துக்கு ஒன்று.

உள்ளூர்ப் பெண்ணுக்காவது கார்டனின் நியாயம் முழுசாகக் கிடைத்ததா? பொருளாகக் கட்டிய வரியில் அவள் உழைப்பும் இருந்தது; கூலி என்று அவள் கையில் எதுவும் வரவில்லை. பாதுகாக்கப்பட்ட கிராமம் என்பது தலைவரின் சொல்லுக்குப் பெண் கட்டுப்பட்ட கிராமமும்தான். அப்படிப் பாதுகாத்தும் மக்கள்தொகை குறைந்துகொண்டே போனது. 1893-இல் காரணம் தேட ஒரு கமிஷன் போட்டார்கள். 1896-இல் வந்த அதன் அறிக்கை தொற்றுநோயை எல்லாம் பேசிவிட்டு, பிஜித் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்ற இடத்தில் வந்து அழுத்தி நின்றது. பிறகு கிராமங்களுக்கு ஐரோப்பியப் பெண்களை அனுப்பித் தாய்மார்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மையைக் கப்பலில் கொண்டுவந்தது யார் என்பதை அந்தத் தாய்மார்கள் கேட்டார்களோ என்னவோ.

*

மெதடிஸ்ட் சபைக்கு இந்தியர்கள் நெடுங்காலம் கண்ணில் படவில்லை. சபை பிஜி மக்களுடையது. கூலிகள் வந்து போகிறவர்கள். லியோனிடாஸ் வந்து 18 ஆண்டு கழித்து, 1897-இல், இந்தியர்களுக்கான வேலையை உருப்படியாகத் தொடங்க ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் ஹன்னா டட்லி, கல்யாணமாகாத ஆஸ்திரேலியப் பெண். இந்தியாவில் சில ஆண்டு வேலை செய்து இந்துஸ்தானி கற்றவர். சுவாவில் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஜெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் லைன்களுக்கும் நடந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

டட்லியைப் புகழ்ந்து எழுதிய மிஷன் நூல்கள் உண்டு. சுவாவில் அவர் பெயரில் பள்ளிகளும் உண்டு. எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அவருக்கு குருப்பட்டம் கிடையாது, பெண் என்பதால் கிடைக்கவும் கிடைக்காது. முடிவெடுக்கும் மேசை ஆண்களுடையது. பின்னால் வந்த ஆண் மிஷனரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவும் இல்லை. ஆனால் லைனுக்குள் போய்த் திண்ணையில் உட்கார முடிந்தது அவரால்தான். பெண்கள் தாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று அவரிடம் சொன்னார்கள். கோயிலுக்கு வழி கேட்டவளை, கணவனைத் தேடி வந்தவளை, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவளை நல்ல வேலை இருக்கிறது என்று டிப்போவுக்குக் கூட்டிப்போன கதைகள். 1912-இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிரத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற வேதனையும் இருக்கிறது. அந்தக் கடிதம் இந்தியாவுக்கு வந்து, கூலி முறைக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்றானது.

1902-இல் வந்த ஜே. டபிள்யூ. பர்ட்டன் வேறு மாதிரி. 1910-இல் வெளியான அவருடைய ‘இன்றைய பிஜி’ என்ற ஆங்கிலப் புத்தகம் லைன்களின் நிலைமையை அம்பலப்படுத்தியது. சர்க்கரைக் கம்பெனிக்குக் கோபம். இந்தியாவிலும் லண்டனிலும் அதைப் படித்தார்கள். பர்ட்டனுக்குத் துணிச்சல் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் கூலிகள்மேல் இரக்கமும் அருவருப்பும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நியாயம் கேட்கிறவர் யாருக்காகக் கேட்கிறாரோ அவரை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லைபோல.

அந்தச் சர்க்கரைக் கம்பெனி சிட்னியில் 1855-இல் தொடங்கிய கலோனியல் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனி. சி.எஸ்.ஆர். என்றால் பிஜியில் எல்லோருக்கும் தெரியும். அதன் சொந்த நாடான ஆஸ்திரேலியா 1901-இல் சட்டம் போட்டு, குயின்ஸ்லாந்து கரும்புக்காடுகளில் இருந்த பசிபிக் தீவுக்காரர்களைத் திருப்பி அனுப்ப முடிவுசெய்தது. வெளியாள் வந்தால் வெள்ளைத் தொழிலாளியின் கூலி குறைந்துவிடும் என்றார்கள். உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பாற்ற வெளியாளை விரட்டுவது அங்கே. உள்ளூர்க் கிராமத்தைக் காப்பாற்ற வெளியாளைப் பூட்டிவைப்பது இங்கே. இரண்டு இடத்திலும் கம்பெனி ஒன்றுதான், கரும்பும் ஒன்றுதான்.

*

குந்தியின் கதை 1913-இல் இந்தியப் பத்திரிகைகளில் வந்தது. கோரக்பூர் மாவட்டத்துக்காரி; கணவனோடு போனவள். ரேவா ஆற்றுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் அவளை மட்டும் தனியாக, கூப்பிட்டால் யாருக்கும் கேட்காத இடத்தில், புல் வெட்டப் போட்டார்கள். சர்தாரும் வெள்ளை ஓவர்சீயரும் அங்கே வந்தார்கள். கையைப் பிடிக்க வந்தபோது அவள் உதறிக்கொண்டு ஓடி ஆற்றில் குதித்தாள். சின்னத் தோணியில் அந்தப் பக்கம் வந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவளே சொல்லி எழுதவைத்த இந்த வாக்குமூலம் கல்கத்தாவின் ‘பாரத் மித்ர’ இதழில் வெளியானது. 21 ஆண்டு பிஜியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தோத்தாராம் சனாத்யா 1914-இல் வெளியிட்ட இந்திப் புத்தகத்தில் அவளுடைய பெயர் நிலைத்தது. விசாரிக்க வந்த அதிகாரியின் முன்னும் அவள் சொன்ன சொல்லை மாற்றவில்லை என்று எழுதுகிறார் அவர்.

அதே புத்தகத்தில் நாராயணியும் வருகிறாள். இறந்து பிறந்த குழந்தையை ஈன்ற சில நாளில் வேலைக்கு வரச் சொல்லி, மறுத்ததால் ஓவர்சீயர் அடித்து நினைவிழக்கச் செய்த பெண். வழக்கு நடந்தது. ஓவர்சீயர் விடுதலையானான், அவளுக்குச் சித்தம் கலங்கிப்போனது.

இப்போது ரூத்திடம் வருகிறேன். ஞாயிறு பள்ளியில் அவளை மாமியாரை விடாத நல்ல மருமகளாக மட்டுமே சொல்லித் தந்தார்கள். வளர்ந்து வாசித்தபோதுதான் அவள் அறுவடைக் காலத்தில் அந்நிய வயலில் இறங்கிய மோவாபிய விதவை என்பது உறைத்தது. அவள் கூலிக்காரிகூட இல்லை. அறுப்பவர்கள் பின்னால் சிந்திய கதிரைப் பொறுக்குகிறவள். வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் அவளிடம் முதலில் சொல்வது என்ன? வேறு வயலுக்குப் போகாதே, என் வேலைக்காரிகளோடேயே இரு, உன்னைத் தொடக் கூடாது என்று வாலிபர்களிடம் சொல்லியிருக்கிறேன். மாமியார் நகோமியும் வீட்டில் அதையே சொல்கிறாள்: அந்தப் பெண்களோடேயே போ, வேறு வயலில் உனக்குத் தீங்கு வரும். வெளியூர்ப் பெண் வயலில் தனியே நின்றால் என்ன நடக்கும் என்பது பெத்லகேமில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கதையை எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது. பிரசங்கங்களில் மட்டும் அது வருவதில்லை. குந்தியைத் தனியாகப் போட்டவனுக்கும் அது தெரிந்திருந்தது. மற்றப் பெண்களிடமிருந்து பிரித்துத் தூரத்தில் வேலை கொடுப்பது அங்கே தெரிந்த வழக்கம்தான்.

*

சி. எஃப். ஆண்ட்ரூஸ் 1904-இல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு வந்த ஆங்கிலிக்கன் குரு. 1914-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியைச் சந்தித்தார். நேட்டாலில் முதுகெல்லாம் அடிபட்டுத் தப்பியோடி வந்த ஒரு கூலியைப் பார்த்தார். அந்த முகம் அவரை விடவில்லை. பிறகு ஒருநாள் அதே கூலியின் முகம் கிறிஸ்துவின் முகமாக மாறக் கண்டதாக எழுதியிருக்கிறார். 1915 கடைசியில் நண்பர் பியர்சனோடு பிஜிக்குக் கப்பலேறினார். 1916-இல் வந்த அவர்களுடைய அறிக்கையில் ஆள்பிடிக்கும் மோசடி, கூலி, விலைவாசி, லைன், தற்கொலை, கொலை எல்லாம் இருந்தன. 1917-இல் மறுபடி போனார். ‘தீனபந்து’ என்று அழைக்கப்பட்ட அந்த மனிதரைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கூலிக்காரனிடம் கிறிஸ்துவைப் பார்த்த மிஷனரிகள் அதிகம் பேர் இல்லை.

ஆனாலும் அவர் கண்டது ஆணின் முகம். பெண்ணைப் பற்றி எழுதும்போது அந்த அறிக்கை வேறு குரலில் பேசுகிறது. அங்கே அவள் சுரண்டப்பட்ட தொழிலாளி என்பதைவிடக் கெட்டுப்போனவளாகவும் கெடுக்கப்பட்டவளாகவும் வருகிறாள். கொலையும் தற்கொலையும் அவளைச் சுற்றியே விளக்கப்படுகின்றன: பெண்கள் குறைவு, ஆண்களுக்குள் போட்டி, அதனால் பொறாமை, அதனால் ரத்தம். தோட்டக்காரர்களும் இதே விளக்கத்தைத்தான் வைத்திருந்தார்கள். எதிரெதிர் அணிகள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகும்போது நாம் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பிஜியில் பிறந்த கிர்மித்தியப் பேரன், வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், 1980-களில் இதைக் கேள்வி கேட்டார். ஆட்களை முறித்த வேலை, குடும்பமும் சாதியும் சடங்கும் சிதறிய தனிமை, ஒப்பந்தத்தின் கொடுமை இவற்றை எல்லாம் விட்டுவிட்டுப் பெண்ணின் ஒழுக்கத்தில் காரணம் தேடுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது என்று காட்டினார். கப்பல் பதிவுகளையும் அவர் எண்ணிப் பார்த்தார். வடநாட்டிலிருந்து போனவர்களில், குடும்பத்தோடு போன பெண்களைவிடத் தனியாகப் போனவர்களே அதிகம். ஏமாற்றப்பட்டவர்கள் நிறைய. ஆனால் எல்லோரும் ஏமாற்றப்பட்டவர்கள் இல்லை. ஊரில் இருக்க முடியாமல் தாங்களாகவே முடிவெடுத்துக் கிளம்பிய விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். நல்லதங்காளைப்போலக் கிணற்றைத் தேடாமல் கப்பலைத் தேடியவர்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

குந்தியிடமும் இது நடந்தது. அவள் சமார் சாதிப் பெண். ஊரில் ஒரு ஜமீன்தாரின் ஆள் கையைப் பிடித்திருந்தால் எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்? பிஜியில் வெள்ளைக்காரன் பிடித்ததும் அவள் பாரதத்தின் மானமானாள், சகோதரியானாள், சதியானாள். 1917 ஜனவரியில் அலகாபாத்தில் சரோஜினி நாயுடு பேசியதும், அந்த ஆண்டு பெண்கள் குழுவொன்று வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டைப் பார்த்துக் கேட்டதும், பாரதி பாடியதும் இந்த மானத்தைத்தான். அந்தக் கோபம் பலித்தது. 1917 மார்ச்சில் ஆள் ஏற்றுவது நின்றது. இந்தியப் பெண்கள் வீட்டைவிட்டு வந்து ஓர் அரசியல் கோரிக்கையை வென்ற ஆரம்பத் தருணங்களில் இது ஒன்று. அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டங்களைக் கொதிக்கவைத்தது 9 பென்ஸ் இல்லை. மானத்துக்காக அழுதவர்கள் அவளைத் திரும்ப வீட்டுக்குள் வைக்க விரும்பினார்கள். அவளுடைய முக்கால் கூலியை முழுசாக்க வேண்டும் என்று அழுதவர்களை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். என் 15 ஆண்டு வகுப்பும் அந்த அழுகையின் தொடர்ச்சிதான்.

ஆண்ட்ரூஸ் ஆஸ்திரேலியப் பெண்கள் அமைப்புகளிடமும் போய்ப் பேசினார். அவர்கள் நம் கம்பெனி அங்கே என்ன செய்கிறது என்று பார்த்துவர ஒருவரை அனுப்ப முடிவுசெய்தார்கள். போனவர் ஃபுளோரன்ஸ் கார்ன்ஹம், கல்கத்தாவில் வேலை செய்த மிஷனரி. 1918-இல் வந்த அவருடைய அறிக்கை ஆண்ட்ரூஸ் சொன்னதை உறுதிப்படுத்தியது. மிகைப்படுத்துகிறார்கள் என்று அதுவரை சொல்லிவந்த கம்பெனிக்கும் அரசுக்கும் இதைத் தள்ளிவிடுவது கடினமாக இருந்தது. 1920 ஜனவரி 1-ஆம் தேதி, மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்தாயின.

*

ஒப்பந்தம் ரத்தாகி இரண்டு வாரத்தில் சுவாவில் வேலைநிறுத்தம். போர் முடிந்து அரிசி, மாவு, துணி எல்லாம் விலையேறிக் கிடந்தன, கூலி ஏறவில்லை. முதலில் நிறுத்தியவர்கள் பொதுப்பணித் துறையின் இந்தியத் தொழிலாளர்கள். இந்தமுறை பெண்கள் யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை. 1912-இல் மொரீஷியஸிலிருந்து வந்த வக்கீல் மணிலால் டாக்டரின் மனைவி ஜெய்குமாரி பெண்களைக் கூட்டினார். மேடையில் பேசியது அவர். பாதையில் நின்று வேலைக்குப் போகிறவர்களை மறித்தது லைன்களிலிருந்து வந்த பெண்கள். பேசியது மானத்தைப் பற்றி இல்லை. அரிசி விலை, கூலி.

ஐந்தாறு ஆண்டுக்கு முன்பு இதே பெண்களுக்காக உருகிய ஆங்கிலப் பேச்சு இப்போது மாறியது. இவர்கள் அடங்காதவர்கள், கலவரத்தைத் தூண்டுகிறவர்கள். கைதானவர்களில் பெண்களும் இருந்தார்கள். நியூசிலாந்திலிருந்து படை வந்தது. தீவின் ஆதிமக்களைச் சிறப்புக் காவலர்களாகச் சேர்த்து இந்தியர்களுக்கு எதிரே நிறுத்தினார்கள். 1921-இல் கம்பெனி நிலங்களில் நடந்த அடுத்த வேலைநிறுத்தத்தில் அவர்களையே மாற்று ஆட்களாகவும் இறக்கினார்கள். தோட்டக் கூலியிலிருந்து காப்பாற்றப்பட வேண்டியவர்கள் என்று 45 ஆண்டு பாதுகாத்த மக்களை, வெளியாள் கூலி கேட்டதும் தோட்டத்துக்குக் கூப்பிட முடிந்திருக்கிறது. அந்தக் காவலர்கள் பெரும்பாலும் மெதடிஸ்ட் சபையார். டட்லியிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் வளர்ந்து எதிர்ப் பக்கத்தில் இருந்திருக்கலாம். அதே சபைதான் என்றாலும் பிஜி மக்களுக்கு ஓர் ஆலயம், இந்தியர்களுக்கு வேறோர் ஆலயம், நிர்வாகமும் தனித்தனி. உபாகமம் இரண்டிலும் வாசிக்கப்பட்டிருக்கும்.

1920 பிப்ரவரி 12-ஆம் தேதி சமபூலாவில் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் செத்தார். வேலைநிறுத்தம் உடைந்தது. மணிலாலும் ஜெய்குமாரியும் தீவைவிட்டு வெளியேற நேர்ந்தது. பாதையை மறித்த பெண்களில் பலர் திரும்பி வரவில்லை. அங்கேயே குத்தகை நிலம் பிடித்து, அரிசியும் கரும்பும் வைத்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் செத்தார்கள்.